மாமா, சத்தத்தைக் கொறைங்க!

மும்பைத் தமிழர்கள் எல்லோருக்கும் ஒரு மூட நம்பிக்கை உண்டு. சுற்றி நிற்கிற யாருக்கும் தமிழ் தெரியாது என்பதுதான் அது. ரயிலில் எதிர்சீட்டுக்காரரின் தொப்பையைப் பற்றி அவர் முகத்துக்கு நேராகவே பேசிக்கொண்டு போவோம். குர்லா வந்ததும் அவர் எழுந்து, "வரட்டுமா தம்பி?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போவார். அன்றைக்கு மட்டும் வாயைப் பொத்திக்கொள்வோம். மறுநாள் மறுபடியும் ஆரம்பிப்போம்.

இந்த நம்பிக்கையை வைத்து நான் ஒரு ஆல்பமே போட்டேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தாராவியில் வளர்ந்தவன். பத்தாவதோடு படிப்பு முடிந்தது, குர்லாவில் லேத் பட்டறை வேலை. கூச்ச சுபாவம் என்றால் சாதாரணக் கூச்சம் இல்லை. 'இறங்கணும்' என்று பஸ்ஸில் குரல் கொடுக்க வெட்கப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவன். அப்படிப்பட்டவன் மெட்டல் இசைக்குழுவில் பேஸ் கிடார் வாசித்தேன் என்றால் யாரும் நம்புவதில்லை. (தலையைப் பார்த்தால் இன்னும் நம்ப மாட்டார்கள். அப்போது முடி இருந்தது சார், தோள் வரைக்கும்.) கூச்சப்படுகிறவனுக்கு மெட்டலைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. முடி முகத்தை மறைத்துவிடும். பாடுகிறவன் அடைத்துக்கொண்ட சிங்க் மாதிரி உறுமுவான். அவன் என்ன சொல்கிறான் என்று அவன் அம்மாவுக்கே தெரியாது.

எங்கள் டிரம்மர் சுனில், மராத்திக்காரன். அவன்தான் ஒருநாள், "நாம ரெண்டு பேரும் தனியா ஒரு பங்க் ஆல்பம் போடலாம்" என்றான். பங்க் என்றால் பாட்டு ரெண்டு நிமிஷத்தைத் தாண்டாது. கோபம் இருந்தால் போதும், குரல்வளம் தேவையில்லை. ஆனால் வார்த்தை காதில் விழ வேண்டும். எனக்குக் கோபம் தமிழில்தான் வரும். அதனால் தமிழிலேயே எழுதினேன். சுனிலுக்கும் தமிழ் தெரியாது, கேட்க வருகிற பையன்களுக்கும் தெரியாது. பிறகென்ன பயம்? வாழ்க்கையில் வாய்திறந்து சொல்லாததை எல்லாம் பாட்டாக்கிவிட்டேன்.

அதில் முக்கால்வாசி என் மாமனாரைப் பற்றியது.

கல்யாணமானதிலிருந்து நாங்கள் இருந்தது தாராவியில் அவர் வீட்டில். ஒரே அறை, மேலே பலகை அடித்த ஒரு சின்ன மாடி. மாடியில் நானும் என் மனைவி இசக்கியும். எங்கள் தலைக்கு நேர் கீழே டி.வி. மாமாவுக்கு இட்லி வியாபாரம். தங்கமான மனுஷர். ஆனால் வியாபாரம் முடிந்து வந்து டி.வி.யைப் போட்டால், செய்தி வாசிக்கிற பெண் எங்கள் பாயில் வந்து உட்கார்ந்து வாசிப்பதுபோல இருக்கும். நவி மும்பைப் பக்கம் ஐரோலியில் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தோம். மாமாவிடம் யார் சொல்வது என்பதில்தான் நின்றது. இசக்கி சொன்னால், மாப்பிள்ளை தூண்டிவிட்டுப் பெண்ணைப் பேச வைக்கிறான் என்று ஆகிவிடும். முறைப்படி நான்தான் சொல்ல வேண்டும்.

"திங்கக்கெழமைக்குள்ள வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லணும். இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாராம். அப்பாகிட்ட சொல்லுதியளா இல்லியா?"

"நாளைக்குச் சொல்லுதேன்."

"இதத்தான் தீபாவளிக்கும் சொன்னிய."

நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்பே பாடி, ரெக்கார்டு பண்ணி, இன்டர்நெட்டில் போட்டிருந்தேன். ஒரு பாட்டு 'மாமா, சத்தத்தைக் கொறைங்க'. இன்னொன்று 'போறோம் போறோம் ஐரோலி'. (கவனியுங்கள், 'கொறைங்க'. உலகத்திலேயே மரியாதைப் பன்மையில் எழுதப்பட்ட பங்க் பாட்டு அது ஒன்றாகத்தான் இருக்கும்.) "இது யாருக்கு எதிரான பாட்டு?" என்று சுனில் கேட்டான். "சிஸ்டத்துக்கு" என்றேன். "ஏக்தம் சஹி!", ரொம்பச் சரி என்று என் முதுகில் தட்டினான்.

ஆல்பம் வெளியீடு அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், செம்பூரில் ஒரு சின்ன ஹாலில். சுனில் ஆசையாக, யாரையோ எழுதச் சொல்லித் தமிழிலேயே போஸ்டர் அடித்து, அதில் ஒன்றைத் தாராவியிலும் ஒட்டிவிட்டான். இசக்கி அதைப் பார்த்திருக்கிறாள். எனக்குத் திடீர் சந்தோஷம் கொடுக்க வேண்டுமென்று என்னிடம் மூச்சு விடவில்லை. "இந்தத் தடவ தமிழ்ல பாடுதாவப்பா" என்று தெருவெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

மேடை ஏறி முடியை விலக்கிப் பார்க்கிறேன். பின்னால் கறுப்பு டி-ஷர்ட் போட்ட காலேஜ் பையன்கள். முன்வரிசை முழுக்க மல்லிகைப்பூ. நடுவில் மாமா, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். பக்கத்தில் அத்தை. அந்தப் பக்கம், மாமாவிடம் வாடிக்கையாக இட்லி வாங்கும் மாட்டுங்கா ரிடயர்டு ஆபீசர் ஒருவர். இசக்கி எனக்குக் கையசைத்தாள்.

சுனில் குச்சியைத் தட்டிவிட்டான். அப்போதுதான் அந்த அபாரமான யோசனை வந்தது. பங்க் பாட்டை மெட்டல் மாதிரி உறுமிவிட்டால்? உறுமினேன். அடிவயிற்றிலிருந்து, ஒரு எழுத்துகூட வெளியே தெரியாமல். 'மாமா' என்பது 'ர்ர்ராங்ர்ரா' என்று போனது. முன்வரிசை முகங்களில் எந்த மாற்றமும் இல்லை.

"நெஞ்சுச்சளி. வீட்டுக்குப் போனதும் சுக்குக் காப்பி போட்டுக் குடுக்கணும்" என்றாள் அத்தை.

"வார்த்தை ஒண்ணும் பிடிபடலை. ஆனா தாளம் நன்னா நிக்கறது" என்றார் மாட்டுங்காக்காரர்.

தப்பித்தேன் என்று நினைத்தேன். பின்னால் நின்ற பையன்களை மறந்துவிட்டேன். அவர்கள் இன்டர்நெட்டில் பாட்டைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார்கள். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் உச்சரிப்பு அப்படி ஒரு சுத்தம். நான் உறுமுவதைப் பார்த்து, எனக்குத் தொண்டை போய்விட்டது போலிருக்கிறது, நாம் கைகொடுப்போம் என்று நினைத்துவிட்டார்கள். நல்ல பிள்ளைகள். மொத்தமாகக் கத்தினார்கள்:

"மாமா மாமா! சத்தத்தைக் கொறைங்க! டி.வி. ஓடுது, தூக்கம் ஓடுது! போறோம் போறோம் ஐரோலி!"

(ரெண்டு பாட்டையும் சேர்த்தே பாடிவிட்டார்கள், படுபாவிகள்.)

நான் வாசிப்பதை நிறுத்தினேன். சுனிலும் நிறுத்தினான். மாமா மெதுவாக எழுந்து நின்றார்.

"மாப்ள. எந்த ஐரோலி?"

மைக் என் வாய்க்கு முன்னால் இருந்தது. "ஸ்டேஷன் பக்கத்துல, மாமா." ஹால் முழுக்க எதிரொலித்தது.

"வாடக வீடா?"

"ஆமா மாமா."

"இத்தன வருசமா என் வீட்ல இருக்கிய. டி.வி. சத்தம்னு ஒரு வார்த்த சொன்னியளா?"

"சொல்ல வெக்கமா இருந்திச்சு மாமா."

"இத்தன பேரு முன்னால பாட வெக்கமா இல்லியோ?"

இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துப் பையன்கள் கைதட்டி விசிலடித்தார்கள். சுனில் உணர்ச்சிவசப்பட்டு, "இவர்தான் சிஸ்டம்!" என்று இந்தியில் அறிவித்தான். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். இசக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வீடும் போச்சு, அப்பாவும் போச்சு என்கிற பார்வை.

அன்று இரவு டி.வி. ஓடவில்லை. அத்தனை நாள் கேட்ட சத்தத்தைவிட அந்த அமைதி பயங்கரமாக இருந்தது. எனக்குத் தூக்கமே வரவில்லை.

திங்கட்கிழமை காலை இட்லி வியாபாரம் முடிந்ததும் மாமா ஏணிக்குக் கீழே நின்று கூப்பிட்டார்.

"மாப்ள, கெளம்புங்க. ஐரோலி போவணும்."

"எதுக்கு மாமா?"

"தண்ணி வருதான்னு பாக்கணும்லா? ஒங்களுக்குத்தான் கேக்க வெக்கமா இருக்குமே."

போனோம். மாமா எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தார். ஜன்னல் கதவைத் தட்டிப் பார்த்தார். வீட்டுக்காரரிடம் எனக்காக அவரே பேசினார். நாங்கள் குடிபோன அன்று டெம்போவில் பாத்திரங்களுக்கு நடுவில் அந்த டி.வி.யும் வந்து இறங்கியது. "நீங்க ரெண்டு பேரும் இல்லாம எனக்கு எதுக்கு இது?" என்றார். இசக்கி அழுதாள். நான் அழவில்லை. (லேசாக.)

ஆல்பம் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். இன்றும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாமா ரயிலேறி வந்துவிடுவார். டி.வி.யை ஐரோலி ஸ்டேஷனுக்குக் கேட்கிற மாதிரி வைப்பார். நான் பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமுவேன். அவர் திரும்பாமலே உள்ளே குரல் கொடுப்பார்:

"ஏ இசக்கி, மாப்ள ஏதோ சொல்ல வாறாவ. அந்த மைக்கக் கொண்டா!"