அரண்மனை மைதானத்தில் ரசப் போட்டி

செங்கழனி நாட்டில் தேர்தலில் ஜெயித்தவரை மன்னர் என்று அழைப்பது வழக்கம். அவரும் அதை மறுப்பதில்லை. அந்த நாட்டில் ‘மாதர் வாசல்’ என்ற பத்திரிகை ஐம்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தது. பெண்கள் பலர் எழுத்துக் கூட்டிப் படித்ததே அதில்தான். படிக்க வந்ததும் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். குழாயில் தண்ணீர் இல்லை, கடையில் பருப்பு இல்லை என்று கடிதப் பக்கம் நிரம்பியது, விற்பனையும் ஏறியது.

செய்தித்துறை அமைச்சர் மார்த்தாண்டர், ஆசிரியை வேதவல்லியை வரவழைத்தார்.

“பெண்கள் பத்திரிகையில் பெண்களுக்கு உரியது மட்டுமே வரவேண்டும். சமையல் போடுங்கள். கடிதங்களுக்கு இன்றுமுதல் தடை.”

கடிதங்கள் நின்றன. குறை சொல்வார் இல்லாததால் குறையே இல்லை என்று முடிவுசெய்த அரசு, தண்ணீர் லாரிகளை நிறுத்தியது. சமையல் குறிப்பில் பருப்பு என்று படித்தால் அது கிடைக்காதது மக்களுக்கு ஞாபகம் வருகிறதாம். ஆகவே, கடையில் இல்லாத பொருளின் பெயரை அச்சிடக்கூடாது என்று அடுத்த ஆணை வந்தது. பருப்பு போயிற்று. புளியும் மிளகும் போயின. வாசகிகளில் பாதிப்பேரும் போனார்கள்.

பத்திரிகை மூடப்படும் என்று அச்சகத்தில் பேசிக்கொண்டார்கள். வேதவல்லி அசரவில்லை. பொன்விழாவை முன்னிட்டு அரண்மனை மைதானத்தில் ரசப் போட்டி, நடுவர் மன்னர் என்று அறிவித்தார். படம் எடுப்பார்கள் என்று தெரிந்ததும் மன்னர் உடனே ஒப்புக்கொண்டார்.

மைதானம் முழுக்க அடுப்புகள். பத்திரிகையை விட்டுப் போன வாசகிகளும் திரும்பி வந்திருந்தார்கள். மன்னர் முதல் பானையிலிருந்து ஒரு கரண்டி குடித்தார்.

“வெந்நீர் மாதிரி இருக்கிறதே?”

“உப்பு போட்டிருக்குங்க,” என்றாள் செங்கமலம் என்ற வாசகி. “பத்திரிகைக் குறிப்புல அமைச்சர் அனுமதிச்ச சாமான் அவ்வளவுதாங்க.”

அடுத்த பானையில் கரண்டி அடியில் போய்த் தட்டியது.

“எங்க தெருவுக்கு லாரி வரலீங்க,” என்றாள் பானைக்காரி. “உப்பு இருக்கு. தரட்டுங்களா?”

ஒருவரும் சிரிக்கவில்லை. மன்னர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வேதவல்லியிடம் வந்தார்.

“உங்கள் திறமை நாட்டுக்குத் தேவை. மகளிர் நலத்துறையை ஏற்றுக்கொள்ளுங்கள்.”

“அது வேண்டாங்க,” என்றார் வேதவல்லி. “ஆவணியில தேர்தல் வருது. உங்க பதவிக்கு மனு எங்க குடுக்கணும்னு சொன்னாப் போதும்.”

மன்னர் பின்னால் நின்ற அமைச்சரைத் திரும்பிப் பார்த்தார். மார்த்தாண்டர் மைதானத்தில் நின்ற பெண்களை எண்ணிப் பார்த்து, பாதியிலேயே விட்டுவிட்டார்.

“அந்த அலுவலகம் இந்தப் பக்கம்,” என்றார் பணிவாக. “வாருங்கள் அம்மா, நானே அழைத்துப் போகிறேன்.”