நாலாவது குவளை

கண்ணாடிக்காரர் பிளாஸ்டிக் தொட்டிக்குள் நின்றபடி உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு நடுங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது குவளையும் காலி. நாலாவது குவளைக்கு அனுமதி இல்லை. அந்தச் சட்டத்தைப் போட்டவரும் அவரேதான்.

"கண்ணு எரியுது. அரைக் குவளை குடேன்."

"நேத்து நான் கேட்டப்ப, துண்டால துடைச்சுக்கோன்னீங்க. துடைச்சுக்கோங்க," என்றாள் மனைவி, கதவுக்கு வெளியே இருந்து.

மகளுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள். அடுத்த மாதம் கைக்குழந்தையோடு வந்து இரண்டு மாதம் தங்குவதாக ஏற்பாடு. ஆனால் மூன்று வருடமாக மழை இல்லை. ஊரில் வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்து, மாதத்துக்கு இவ்வளவு என்று தண்ணீரை அளந்துதான் விட்டார்கள்.

"உங்க வீட்ல குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணி இருக்கா சம்பந்தி?" என்று மாப்பிள்ளையின் அம்மா போனில் கேட்டது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

"சிக்கனமா இருந்து காட்டுவோம். அப்புறம் குழந்தை பேரைச் சொல்லிக் கொஞ்சம் கூடுதலாக் கேட்டா, நகராட்சியில மறுக்கவா போறாங்க?" என்றார் மனைவியிடம்.

குளித்த தண்ணீரில் துணி துவைத்தார்கள். துவைத்த தண்ணீரில் தரையைத் துடைத்தார்கள். தரை வழுவழுவென்று ஆகி, குடிதண்ணீர்க் குடத்தோடு மனைவி வழுக்கி விழுந்தாள்.

"அடிபட்டுச்சா?"

"என்னையா கேக்கறீங்க, குடத்தையா?"

வழுக்கலைப் போக்க நல்ல தண்ணீர் இரண்டு வாளி செலவானது. அதை ஈடுகட்ட, ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகத் தண்ணீர் பிடிக்கட்டுமென்று கழிவறை ஃப்ளஷ் தொட்டிக்குள் ஒரு செங்கல்லைப் போட்டார். அது ஊறிக் கரைந்து அடைப்பானில் சிக்கிக்கொண்டது. அவர் தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் மாடித் தொட்டியில் பாதி, யாருக்கும் உபயோகமில்லாமல் ஓடிப் போயிருந்தது.

பிளம்பர் வந்து செங்கல் குழம்பை வழித்தெடுத்தார்.

"கை கழுவணும் சார்."

"இந்தாங்க, பழைய பேப்பர்."

இனி இப்படி ஆகக் கூடாதென்று, வாசல் வால்வைத் தானே பாதி மூடப் போனார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. வால்வு முக்கால்வாசி மூடியபடி இறுகிக்கொள்ள, அன்று முதல் குழாயில் நூல் போலத்தான் தண்ணீர் வந்தது.

"புதுசு மாட்டிடட்டுமா சார்?" என்றார் பிளம்பர்.

"வேண்டாம். இது நம்ம நல்லதுக்குத்தான்."

அந்த நல்லதை வீடு மூன்று வாரம் அனுபவித்தது. மனைவி இரண்டு நாளுக்கு ஒரு முறை தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய்க் குளித்தாள். அவருக்குப் போக்கிடம் இல்லை. கடையில் கண் பரிசோதித்துக்கொள்ள வந்தவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போனார்.

"இவ்வளவு தூரம் போனா எழுத்து எப்படிங்க தெரியும்?"

"எனக்குக் கண்ணுலதாங்க கோளாறு. மூக்கு நல்லா இருக்கு."

அன்று மாலை மனைவி அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மகள் போன் செய்திருந்தாளாம்.

"தண்ணி நிலவரம் தெரிஞ்ச பிறகுதான் அனுப்புவாங்களாம். நம்ம பேத்தியை ஒரு தடவையாவது என் கையால குளிப்பாட்டணும்ங்க. வேற எதுவுமே கேக்கல நான்."

"இன்னும் நாலு நாள்தான். பொறுத்துக்கோ," என்றார். மறுநாளிலிருந்து தன் மூன்று குவளையை ஒன்றாகக் குறைத்துக்கொண்டார்.

மாதக் கடைசியில் மீட்டர் பார்ப்பவர் வந்தார். குனிந்து பார்த்தார். மீட்டரைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார்.

"பாதிகூட ஓடலையே. தெருவிலேயே உங்க வீடுதான் சார் ரொம்பக் கம்மி."

கண்ணாடிக்காரர் ஒரு மாதத்துக்குப் பிறகு மனைவியின் கையைப் பிடித்தார். அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையை உருவிக்கொள்ளாமல் நின்றாள். மடித்து வைத்திருந்த மனுவை அவர் நீட்டினார்.

"கைக்குழந்தை வருதுங்க. அடுத்த மாசம் கொஞ்சம் கூட்டி விடணும்."

மீட்டர் பார்ப்பவர் மனுவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மிச்சம் வைக்கிற வீட்டுக்கு அடுத்த மாசம் அந்த அளவைக் குறைச்சிடுவாங்களே சார், அதுக்குப் பயந்துதானே தெருவே கடைசி வாரம் குழாயைத் திறந்து விட்டுட்டு உக்காந்திருக்கு, உங்களுக்கு யாருமே சொல்லலையா?"