பிஸ்கட் மேல் விழுந்த பழி

"பிஸ்கட் ஒத்துக்காத வயிறுன்னு ஒண்ணு உலகத்துல இருக்கா, தங்கச்சி?"

என்னிடம் இப்படிக் கேட்டவர் பத்தியம் அண்ணன். மலேசியாவில் கோலா கெத்திலுக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் நடுவில் அவர் அளவுக்கு மனிதர்களின் வாயைக் கட்டிப் போட்டவர் வேறு எவரும் கிடையாது. இத்தனைக்கும் அவர் டாக்டர் இல்லை, நாட்டு வைத்தியரும் இல்லை. தோட்டத்துப் பெண்களைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறவர். அடையாள அட்டையில் அவருக்கு என்ன பெயரோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் வேனில் ஏறி ஒரு தும்மல் போட்டால் போதும், அடுத்த வளைவுக்குள் உங்கள் வாழ்க்கையிலிருந்து தயிர் போய்விடும். அரிப்பு என்றால் கத்தரிக்காயும் கருவாடும் போகும். முட்டி வலிக்கு உருளைக்கிழங்கு. பேக்கிங் பகுதியில் வேலை செய்யும் கமலா அக்கா, தம்பிக்குப் பெண் அமையவில்லை என்று ஒரு நாள் புலம்பினார். அதற்கும் கோழியை நிறுத்தச் சொன்னார் பத்தியம் அண்ணன். அடுத்த மாதமே பெண் அமைந்தது. இத்தனை வருடம் கல்யாணத்தைத் தடுத்தது கோழிதான் என்று கமலா அக்கா இப்போதும் நம்புகிறார்.

பத்தியமெல்லாம் ஊருக்குத்தான். அவர் மட்டும் காலையில் கடையில் உட்கார்ந்து, பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயைக் குழம்பில் மூழ்கடித்துத்தான் சாப்பிடுவார். கேட்டால், "ஊசி போடுற டாக்டரு தானும் போட்டுக்கிட்டா போடுறாரு?" என்பார்.

வேனுக்கும் பத்தியம் உண்டு. நிறையப் புகை விடுகிறது, தீனி அதிகமாகிவிட்டது என்று முடிவு செய்து, வெள்ளிக்கிழமைகளில் அதற்குப் பெட்ரோல் ஊற்றுவதை நிறுத்தினார். ஒரு வெள்ளிக்கிழமை, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் வேன் உயிரை விட்டது. சீருடை போட்ட பெண்கள் அத்தனை பேரும் இறங்கித் தள்ளினோம். அவர் ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி சொன்னார்: "விரதம்னா கொஞ்சம் மயக்கம் வரத்தான்லா செய்யும்."

இந்த வேனில் முன் இருக்கை என்னுடையது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிப் படிப்பை முடித்தவளும் நான்தான், பல்கலைக்கழகம் போனவளும் நான்தான். அம்மா இன்னும் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். நான் தொழிற்சாலையில் அலுவலக வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, "டிகிரிய முன்னால உக்கார வைங்கம்மா" என்று பத்தியம் அண்ணன் இடம் ஒதுக்கிவிட்டார். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. பிடித்திருந்தது.

அந்த முன் இருக்கையில்தான் என் வயிறு என் மானத்தை வாங்கத் தொடங்கியது.

காலையில் பலகை மாதிரி இருக்கும் வயிறு, மத்தியானத்துக்குள் உப்பிவிடும். உருளும், பேசும், திடீரென்று அவசரப்படுத்தும். அலுவலகத்தில் கழிப்பறைக்குப் பக்கத்து மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அங்கே குளிர்சாதனம் நன்றாக வேலை செய்கிறது என்று காரணம் சொன்னேன். உட்கார்ந்தாலும் நின்றாலும் கைப்பையை வயிற்றின் மேல் வைத்துக்கொள்வேன். படித்த பெண், கனமான பை என்று எல்லோரும் நினைத்தார்கள். உள்ளே ஒரு சீப்பும் டிஷ்யூ கட்டும்தான் இருந்தன.

கோயில் திருவிழாவில் அந்தப் பையும் உதவவில்லை. அர்ச்சனைத் தட்டு கையில் இருந்ததால் பை தோளுக்குப் போய்விட்டது. தூரத்துச் சித்தி ஒருவர் அம்மாவிடம், "மகளுக்கு எப்பக் கல்யாணம்?" என்று கேட்டார். கேள்வி சாதாரணம்தான். அவர் கண் என் வயிற்றில் நின்றதுதான் சாதாரணமில்லை. வீடு வந்ததும் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஏதாச்சும் இருந்தா எங்கிட்ட சொல்லிடுமா." கேஸ்ட்ரிக் என்றேன். நம்ப வேண்டும் என்று அம்மா பாடுபட்டது முகத்தில் தெரிந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

எங்கள் பக்கத்தில் வயிறு சரியில்லை என்றால் எல்லா வீட்டிலும் ஒரே மருந்துதான்: தேநீரில் நனைத்த கிரீம் கிரேக்கர் பிஸ்கட். பத்தியம் அண்ணன் சோற்றை நிறுத்தச் சொல்லிவிட்டு, கியர் பக்கத்தில் எனக்கென்று ஒரு பிஸ்கட் டின்னே வைத்தார். டிகிரி வாங்கிய நான் மறுபேச்சில்லாமல் தின்றேன். தின்னத் தின்ன வயிறு மோசமானது. "வியாதி வெளிய வருது, நல்லதுதான்" என்று இன்னும் நாலு பிஸ்கட் கொடுத்தார்.

ஒரு நாள் பாதி வழியில் வாய்விட்டு வேனை நிறுத்தச் சொல்லும்படி ஆனது. பெட்ரோல் நிலையத்துக் கழிப்பறைக்கு நான் ஓடியதை வேன் மொத்தமும் பார்த்தது. திரும்பி வந்தபோது எல்லோரும் மரியாதையாக வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நல்லவேளையாக, மறுநாளிலிருந்து பத்தியம் அண்ணனுக்கு டயர் பைத்தியம் பிடித்தது. தினமும் அதே பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, காற்று குறைவு என்று இறங்கிவிடுவார். "அண்ணே, அது டயரா, பலூனா?" என்று கமலா அக்கா கேலி செய்வார். அந்தச் சந்தடியில் நான் போய்விட்டு வந்துவிடுவேன்.

சுங்கைப் பட்டாணியில் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தேன். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டு எழுதிக்கொண்டார். சீலியாக் என்று ஒரு நோய் இருப்பதாகச் சொன்னார். கோதுமையிலும் அதில் செய்த பிஸ்கட், ரொட்டியிலும் இருக்கும் புரதத்தைச் சாப்பிட்டால், உடம்பு தன் குடலைத் தானே தாக்கும் நோய். எனக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம், ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் மேற்கொண்டு சொல்ல முடியும் என்றார். அதுவரை கோதுமையை நிறுத்த வேண்டாம், நிறுத்திவிட்டால் ரத்தத்தில் தெரியாமல் போய்விடலாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

நான் கோதுமையை நிறுத்தினேன், ரத்தம் கொடுக்கப் போகவில்லை. சில நாளில் வயிறு அடங்கியது. இனிப் பரிசோதனை எதற்கு? நோய் இருக்கிறது என்று வந்தால் சித்தி வரைக்கும் என் குடலைப் பற்றி விளக்க வேண்டும், விருந்துக்கு விருந்து ரொட்டியை மறுத்து, படித்த திமிர் என்று பேர் வாங்க வேண்டும். இல்லை என்று வந்தால் இத்தனையும் என் கற்பனை என்றாகிவிடும். இரண்டும் வெட்கம். சும்மா இருப்பதே மேல் என்று முடிவு செய்தேன்.

வயிறு அடங்கிய தைரியத்தில்தான் பிஸ்கட் டின்னைத் தள்ளி வைத்து, டாக்டர் சொன்னதைப் பத்தியம் அண்ணனிடம் சொன்னேன். அப்போது கேட்டதுதான் முதல் வரியில் இருக்கும் கேள்வி. கேட்டுவிட்டு டின்னை எடுத்து இருக்கைக்கு அடியில் வைத்தார்.

அந்த வாரம் யாருக்கும் பத்தியம் இல்லை. கமலா அக்கா வேண்டுமென்றே இருமிக் காட்டினார். "டாக்டரப் போய்ப் பாருங்கம்மா" என்றார் பத்தியம் அண்ணன். வேனுக்கே குலை நடுங்கிவிட்டது. "டிகிரி, நீ என்னடி சொன்ன அவருகிட்ட? மனுசன் தெளிஞ்சுட்டாரு" என்று கமலா அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு மாலை எல்லோரும் இறங்கிய பிறகு அவரே கேட்டார். "நெசமாவே என் பிஸ்கட்தான் உன்னப் படுத்திச்சா?"

"தெரியல அண்ணே. டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும்."

"அப்ப எடுக்க வேண்டியதுதானே?"

எடுக்க வேண்டுமென்றால் நிறுத்தியதை மறுபடி சில வாரம் சாப்பிட வேண்டும் என்றேன். மறுபடி அந்த வயிறு, மறுபடி அந்த ஓட்டம். "எல்லார் முன்னாடியும் வெட்கமா இருக்கு அண்ணே." அந்த வார்த்தையை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் பின்னாலிருந்த காலி இருக்கைகளைக் கை காட்டினார். "யாரு முன்னாடி? இவங்க முன்னாடியா? பட்டினி கெடந்த வேனத் தள்ளிவிட்டவங்கம்மா இவங்க."

அன்று வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "ரத்தத்துல தெரியுமா? அப்ப எடு. எடுத்து மொத அந்தச் சித்திகிட்ட காட்டணும்" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

டாக்டரிடம் மறுபடி போய், எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். பொறுப்பைப் பத்தியம் அண்ணன் எடுத்துக்கொண்டார். காலையில் ஏறினால் ரொட்டி சானாய்ப் பொட்டலம் தயாராக இருக்கும். "சாப்பிடாதன்னு சொல்லியே பழகிப்போச்சு, சாப்பிடுன்னு சொல்ல நாக்கு வளைய மாட்டேங்குது" என்று சங்கடப்படுவார். பின்னாலிருந்து கமலா அக்கா, "முழுங்கிட்டாளா பாருங்க" என்று காவல் காப்பார். வயிறு பழையபடி உப்பியது, டயரும் பழையபடி காற்றுக் கேட்டது.

போன வாரம்தான் கவனித்தேன். பெட்ரோல் நிலையத்தில் காற்றடிக்கும் இயந்திரத்தின் குழாய் அறுந்து கிடந்தது. பழுது என்று சொல்லும் 'ரோசாக்' அட்டை அதில் தொங்கியது. வெயிலில் எழுத்து வெளுத்துப்போகும் அளவுக்குப் பழைய அட்டை. பத்தியம் அண்ணன் குழாயே இல்லாமல் டயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார், மும்முரமாக.

சனிக்கிழமை ரத்தம் கொடுத்துவிட்டேன். முடிவு இன்னும் வரவில்லை. வயிறும் இன்னும் அடங்கவில்லை.

இன்று காலை வேன் அதே இடத்தில் நின்றது. "டயரு கேக்குதும்மா" என்று அவர் தொடங்குவதற்குள், "எனக்குத்தான் அண்ணே, டாய்லெட் போகணும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, கைப்பையை இருக்கையிலேயே விட்டு இறங்கினேன். திரும்பி வந்தபோது அவர் டயர் பக்கம் போகவே இல்லை. என் பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தார்.