போனுக்கு இன்னும் தெரியாது

அன்புள்ள தம்பி செல்வகணேஷுக்கு, கோவில்பட்டிக்குக் கிழக்கே நம்ம ஊரிலிருந்து உன் அக்கா முத்துசெல்வி எழுதுவது. நீயும் பிரேமாவும் பிள்ளைகளும் பெங்களூரில் சுகமாக இருக்க செண்பகவல்லி அம்மன் துணை. இங்கே நான் சுகம் என்று எழுதினால் பொய்யாகிப் போகும், சுகமில்லை என்று எழுதினால் நீ லீவு போட்டுவிட்டு ரயிலேறி வந்துவிடுவாய். ஆகையால் சோறு பொங்குகிறேன், சாப்பிடுகிறேன், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறேன் என்று மட்டும் எழுதுகிறேன், மற்றதை நீயே சேர்த்து வாசித்துக்கொள்.

போனில் சொல்லாமல் இவள் ஏன் கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். விஷயமே உன் அத்தானின் டச் போனைப் பற்றியது. அதைப் பற்றி அதிலேயே பேசினால் அது கேட்டுக்கொண்டிருக்காதா? என் பட்டன் போனில் பேசலாம் என்றால் இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கிறது. எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள், நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததைவிட உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்றதுதான் அதிகம்.

கேட்க வேண்டியதை முதலில் கேட்டுவிடுகிறேன், பிறகு மறந்துபோவேன். நீ கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாய். அங்கே கேன்டீனில்தான் இருக்கிறாய் என்று பிரேமா என்னிடம் சொல்லிவிட்டாள், அதனால் என்ன, சாப்பிட வருகிறவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் ஆட்கள்தானே. நல்ல மனுசனாகப் பார்த்து சாம்பார் ஊற்றும்போது மெல்ல ஒரு வார்த்தை கேள். பாட்டுப் போடுகிற போன், ஆள் போன பிறகும் அந்த ஆளுக்குப் பிடித்ததையே விடாமல் வைத்திருக்க என்ன செய்ய வேண்டும்? ஆனால் ஆள் போய்விட்டார் என்பதை மட்டும் போனுக்குச் சொல்லிவிடக் கூடாது. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

உன் அத்தான் மேய்த்தது ஆடு என்றாலும் ஊரில் அவருக்குப் பாட்டுச் சொல்லுகிறவர் என்றுதான் பெயர். ஆட்டுக்கிடை ஊருக்குப் பக்கத்துக் காட்டில் கிடக்கிற நாளில் சாயந்தரம் டீக்கடைக்கு வருவார். அவர் வந்துவிட்டால் ஆள் மாற்றி ஆள் வந்து நிற்பான். "அண்ணாச்சி, நீங்க போன தடவை சொன்ன பாட்டு கேட்டுக் கேட்டு தேஞ்சு போச்சு, வேற ஒண்ணு சொல்லுங்க" என்பான். "அதுல எந்த எடத்துல ஒனக்குத் தல ஆடுச்சு?" என்று கேட்பார். அவன் பாடிக் காட்டுவான். இவர் அவனை ஏற இறங்கப் பார்ப்பார், பிறகு அவன் காதைப் பார்ப்பார், "அப்ப ஒனக்கு இதுதாம்டே" என்று அதுவரை அவன் கேட்டேயிராத ஒன்றைப் போட்டுவிடுவார். தப்பவே தப்பாது. காதை எதற்குப் பார்க்கிறார் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

எனக்கு மட்டும் அவர் ஒரு பாட்டுக்கூடச் சொன்னதில்லை. "ஊருக்கெல்லாம் சொல்லுதிய, எனக்கு என்ன பாட்டு புடிக்கும்னு ஒரு நாளாச்சும் யோசிச்சியளா?" என்று கேட்டால், "ஒனக்கு எதுக்குட்டி பாட்டு?" என்று சிரித்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். இந்தக் குறை எனக்கு இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. கிடையிலிருந்து பொழுதடைந்ததும் எனக்குப் போன் போடுவார். சாப்பிட்டியா, கதவைச் சாத்துனியா, அவ்வளவுதான் பேச்சு. பேசி முடித்தால் கட் பண்ணத் தெரியாது. நான் போனை அடுப்படியில் வைத்துவிட்டுப் பாத்திரம் விளக்கப் போய்விடுவேன், வந்து பார்த்தால் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். கட் பண்ணத் தெரியாத மனுசனுக்கு டச் போன் ஒரு கேடா என்று நான் ஏசாத நாளில்லை.

போன ஆனியில் கிடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, அதெல்லாம் நீ வந்து பார்த்ததுதான். அவரோடு கிடையில் கிடந்த தவசிதான் இப்போது ஆடுகளைப் பார்த்துக்கொள்கிறான். நீ ரயிலேறிய பிறகு ரேஷன் கார்டில் பெயரை எடு என்றார்கள், பேங்கில் எடு என்றார்கள், ஓட்டு லிஸ்டில் எடு என்றார்கள். ஒவ்வொரு இடமாக நானே போய் அவர் இல்லை, அவர் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் கசந்துபோனது. கடைசியில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து அவர் போனைத் திறந்தேன். அது, "வணக்கம் நந்தகோபால், இன்று உங்களுக்காக" என்று பாட்டுகளை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. தம்பி, அவர் பெயரை நான் எழுதவில்லை, போன் எழுதியதைப் பார்த்து எழுதியிருக்கிறேன். வாக்கப்பட்ட நாளிலிருந்து நான் ஒரு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இது நேற்று வந்த போன், பாட்டுக்குக் கூப்பிடுகிறது. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டில் காலேஜுக்குப் போகிற பிள்ளை ஜெயப்பிரியாவைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, அவிய போயிட்டது இதுக்குத் தெரியாதா?"

"தெரியாது சித்தி. யாராச்சும் சொன்னாத்தான தெரியும்."

"பொறவு என்னத்த வச்சு பாட்டு எடுத்து வைக்குது?"

"சித்தப்பா முன்னால என்னென்ன கேட்டாவளோ, அத வச்சு இதும் புடிக்கும் அதும் புடிக்கும்னு அதுவா நெனச்சு வைக்கும்."

அதாவது, உன் அத்தான் ஊருக்குச் செய்ததை இந்தப் போன் உன் அத்தானுக்குச் செய்துகொண்டிருக்கிறது. இத்தனை ஆபீசுக்குச் சொல்லியாகிவிட்டது, இது ஒன்றுதான் அவர் இருக்கிறார் என்று நம்பிக்கொண்டு கிடக்கிறது. இதனிடம் போய் நான் எப்படிச் சொல்லுவேன்? சொல்லவில்லை. தினமும் வேலை விட்டு வந்து ஒவ்வொரு பாட்டாகக் கேட்டேன். இந்த வரிசையில் எனக்கென்று அவர் மனசில் வைத்திருந்த பாட்டு ஒன்று எங்கேயாவது கிடக்கும், காதில் விழுந்தால் எனக்கே தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மினிபஸ் வைத்து ஓட்டுகிற இசக்கிதுரை அண்ணாச்சி வந்து நின்றார். "தங்கச்சி, மாப்ள போனதுலருந்து பஸ்ஸுல பாட்டே சரியில்ல, ஏறுதவன் எல்லாம் மூஞ்சியச் சுளிக்கான். அவரு போனுதான் ஒங்கிட்ட இருக்கே, பாத்து ஒண்ணு சொல்லேன்." நானும் உன் அத்தான் மாதிரியே அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்தேன், காதையும் பார்த்தேன். காதில் முடி இருந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. சரி என்று போனில் முதலாவதாக இருந்ததைச் சொல்லிவிட்டேன், புல்லாங்குழல் மெல்ல மெல்ல வருகிற பாட்டு. மறுநாள் காலையில் கோவில்பட்டியில் வண்டியை எடுத்ததும் போட்டிருக்கிறார். எட்டயபுரம் ரோட்டைப் பிடிப்பதற்குள் ஒவ்வொரு தலையாகச் சாய்ந்திருக்கிறது. நின்றுகொண்டிருந்தவர்கள் பக்கத்தில் நின்றவர் முதுகில் முகத்தை வைத்துத் தூங்குகிறார்கள், கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே தூங்குகிறார். அண்ணாச்சிக்கும் கண் சொக்கி, நல்லவேளை, ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். வெயில் ஏறின பிறகு ஒருவர் முழித்து, "இது எந்த ஊருடே?" என்று கேட்டதில்தான் மற்றவர்கள் எழுந்தார்களாம். அன்றைக்குத் தீப்பெட்டி ஆபீசில் பாதிப் பேர் லேட்.

அடுத்தது பேச்சித்தாய், என்னோடு பெட்டி அடைக்கிறவள். அவள் மகளுக்குப் பூ வைக்கிற விசேஷம். "ஏட்டி முத்து, ஆளு ஒக்காந்த எடத்துல ஒக்கார முடியாத மாதிரி ஒண்ணு சொல்லு" என்றாள். உறுமியும் சீழ்க்கையுமாக ஒன்று இருந்தது, சொன்னேன். பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் பாதிச் சோற்றில் இருக்கும்போது ரேடியோ செட்காரர் அதைப் போட்டார். போட்டதும் எல்லாரும் எழுந்தார்கள். ஆடுவார்கள் என்று பார்த்தால், இலையை மூடிவிட்டு, கையைக் கழுவி, பையை எடுத்துக்கொண்டு, ஒருவர் பின்னால் ஒருவராக நடந்து வேனில் ஏறிவிட்டார்கள். பேச்சித்தாய் பாயச வாளியோடு வேன் பின்னால் ஓடினாள். மாப்பிள்ளையின் அப்பா ஜன்னல் வழியாக, "கோவம் ஒண்ணுமில்ல சம்மந்தி, என்னமோ கிளம்பணும்னு தோணிச்சு" என்றாராம். சம்பந்தம் முறியவில்லை, பாயசம்தான் மிஞ்சியது.

என்னோடு சண்டை போட வந்த பேச்சித்தாய், தன் மகன் வயிற்றுப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை அழுதது, போனைக் கொடுத்தோம், அது யானைப் பாட்டு, காக்காப் பாட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு என் மேல் கோபம் தீர நாளாயிற்று, தினமும் வந்து சண்டை போட்டாள், தினமும் பிள்ளை பாட்டுக் கேட்டது. பிறகு ஒரு நாள் போனைத் திறந்தால், "வணக்கம் நந்தகோபால், இன்று உங்களுக்காக" என்று யானை, காக்கா, பல்லு விளக்குகிற பாட்டு. அந்த மனுசன் வேப்பங்குச்சியைத் தவிர எதையும் பல்லில் வைத்தவர் இல்லை. பேச்சித்தாயிடம் காட்டினேன். அவள் மூக்கில் விரலை வைத்துவிட்டாள்.

"ஏட்டி, அண்ணன் எங்கயோ பொறந்துட்டாரு! பல்லு வெளக்குத பாட்டு கேக்காருன்னா பல்லு மொளச்சிருச்சுட்டி!"

"ஆனியில போனவருக்கு மாசிக்குள்ள எப்படிப் பல்லு மொளைக்கும்?"

"அவரு எதுலதான் பொறுமையா இருந்தாரு?"

அடுத்த வாரம் இங்கிலீஷ் பாட்டு வந்தது. "அப்ப வெளிநாட்டுலல்லா பொறந்திருக்காரு" என்றாள். தம்பி, நம்பினேன் என்றும் சொல்லமாட்டேன், நம்பவில்லை என்றும் சொல்லமாட்டேன். அங்கெல்லாம் குளிருமாமே, பிள்ளைக்குத் தலையில் துணி கட்டுவார்களா என்று யோசித்துக்கொண்டு பெட்டி அடைத்ததில் குச்சியைத் தலைமாற்றி அடைத்துவிட்டேன்.

ஜெயப்பிரியாதான் சிரித்துவிட்டு, இங்கிலீஷ் பாட்டு அவள் டான்சுக்காகக் கேட்டது என்றாள். யார் கேட்டாலும் போன் அது சித்தப்பா கேட்டது என்றுதான் நினைக்குமாம். உன் அத்தானுடைய பாட்டெல்லாம் கீழே கீழே போய் வரிசையை விட்டே விழுந்துவிட்டது. என் பாட்டு எது என்று தெரிவதற்குள் எல்லாம் போய்விட்டது. "ஒங்க பேருல தனியா ஒண்ணு தெறந்துருவோம் சித்தி, இனி சித்தப்பாவோடத யாரும் கெடுக்க மாட்டாவ" என்று திறந்தாள். அது வட்ட வட்டமாக நிறைய முகத்தைக் காட்டி, உங்களுக்குப் பிடித்த மூன்று பேரைத் தொடுங்கள் என்றது. விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு யாரைப் பிடிக்கும்? எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். யாரையும் தொடாமல் மூடிவிட்டேன்.

இதற்கு நடுவே தவசி வேறு. "மதினி, அண்ணன் போன கொஞ்ச நாளைக்கு என்கிட்ட குடுங்க, ஆடு சரியில்ல" என்று வந்து வந்து நிற்கிறான். ஆடு சரியில்லை என்றால் மாட்டாஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதானே, போன் எதற்கு? கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆகையால் தம்பி, மறக்காமல் கேள். அவர் கேட்டதெல்லாம் பழையபடி வர வேண்டும், போனுக்கு மட்டும் ஒன்றும் தெரியக் கூடாது. கடலைமிட்டாய் தனியே பார்சல் போட்டிருக்கிறேன், பதில் சொல்லுகிறவருக்கு அதில் ஒரு பாக்கெட் கொடு. பிரேமாவுக்கு என் அன்பு, பிள்ளைகள் படிப்பில் நிற்கட்டும், நீ கரண்டி பிடிக்கிற அண்டாவில் சாம்பார் என்றைக்கும் வற்றாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா முத்துசெல்வி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் தவசி மறுபடி வந்தான். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

"மதினி, இனி என்னால முடியாது. பாட்டு இல்லாம ஒரு ஆடு படுக்க மாட்டேங்குது."

"பாட்டா? ஆட்டுக்கா?"

"பின்ன அண்ணன், தான் கேக்கதுக்கா அத்தனையும் போட்டாரு? பொழுதடைஞ்சா ஒரு பொல்லாங்குழல் பாட்டு, போட்டா அத்தனையும் படுத்துரும். விடிஞ்சா ஒரு உறுமிப் பாட்டு, போட்டா ஒண்ணு பின்னால ஒண்ணா எந்திரிச்சு மேய்ச்சலுக்கு நடந்துரும்."

எனக்கு மினிபஸ்ஸும் பந்தியும் கண் முன்னால் வந்துபோனது.

"புதுப் பாட்டு எது கெடச்சாலும் மொதல்ல கிடையிலதான் போட்டுப் பாப்பாரு. ஒவ்வொரு ஆளுக்கும் காதப் பாத்து ஒரு ஆடு வச்சிருந்தாரு மதினி. காதறுந்த கிடா தலையத் தூக்குனா அது இசக்கிதுரை அண்ணாச்சிக்கு. வெள்ளாட்டுக் கெழடு அசபோடுதத நிப்பாட்டுனா பேச்சித்தாய் அக்காவுக்கு. அவியகிட்ட சொல்லிராதிய."

"நான் எந்த ஆடுடே?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்கு ஆடு கெடையாது. ஆடு படுத்ததும் பாட்ட நிப்பாட்டிட்டு ஒங்களுக்குல்லா போன் போடுவாரு. பேசி முடிச்சப்புறமும் காதுலயே வச்சிருப்பாரு. நீங்க பாத்திரம் வெளக்கிக்கிட்டே என்னமோ முனங்குவியளாம். 'கட் பண்ணுங்கண்ணே, சார்ஜ் போவுதுல்லா'ன்னு சொன்னா, 'சும்மா கெடல, நான் இப்பத்தான் பாட்டுக் கேக்கேன்'பாரு."

போனை அப்போதே தவசியிடம் கொடுத்துவிட்டேன், அந்தப் பாட்டுகளை அவனே தேடிப் போட்டுக்கொள்வான். ஆகையால் மேலே எழுதினது எதையும் நீ யாரிடமும் கேட்காதே, சாம்பாரை மட்டும் ஊற்று. அது கிடையிலும் விடிந்தால் அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும், கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. இப்போது பாத்திரம் விளக்க உட்கார்ந்தால் எனக்கு வாயே திறக்க மாட்டேன் என்கிறது. என்னத்தை முனங்கினேன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற காலத்திலும் அதையேதான் முனங்கியிருப்பேன். உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது. எழுத்தில் வராது என்றால் என் பட்டன் போனுக்குப் போட்டு நீயே முனங்கிக் காட்டு. நான் கட் பண்ண மாட்டேன்.