அரிசி டிரம்முக்குள் வேலைநிறுத்தம்

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணனுக்குத் தங்கை எழுதுவது. எல்லாரும் சௌக்கியம் என்றுதான் தொடங்க வேண்டும். பயத்தில் அந்தச் சொல்லுக்குக் கை வளைய மாட்டேன் என்கிறது. போனில் பேசாமல் ஏன் பேனா எடுத்தேன் என்று கேட்பாய். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

போன தடவை வந்தபோது, நீ கல்லூரியில் நடத்துகிற பாடத்தை, அதுதான் உழைக்கிறவன் உழைப்பில் மிஞ்சுவதெல்லாம் முதலாளிக்கு என்பதை, என் வீட்டுக்காரர் காதில் போட்டுவிட்டுப் போனாயே, அன்றோடு போயிற்று என் தூக்கம். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற மனுஷன் பைக்கைத் துடைத்துக்கொண்டே, "உற்பத்திச் சாதனம் என்னுது. அப்புறம் மிஞ்சுறது மட்டும் எப்படிடி கம்பெனிக்கு?" என்கிறார். "நான் சமைக்கிறதுக்குக் கூலி?" என்று கேட்டேன். "புரட்சிக்கு அப்புறம்" என்றார்.

நேற்று அவரோடு ஓட்டுகிறவர்கள் எங்கள் முன்னறையில் கூடி வேலைநிறுத்தம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். ஆலை என்றால் வாசலில் உட்காரலாம், இவர்களுக்கு வாசலும் கிடையாது, முதலாளியின் முகமும் தெரியாது, எல்லாம் போனுக்குள், அதனால் யாரும் திருட்டுத்தனமாக ஆர்டர் எடுக்காமலிருக்க எல்லாப் போனையும், ஒற்றுமைக்காக என்னுடையதையும் சேர்த்து, எங்கள் அரிசி டிரம்மில் அரிசி மேலேயே போட்டுப் பூட்டி, படித்தவள் என்று சாவியை என்னிடம் தந்துவிட்டார்கள். ஓட்ட ஆள் குறைந்தால் ஆர்டருக்குக் காசு ஏறுமாம், அது ஏற ஏற டிரம் கத்துகிறது, குழந்தை அலறுகிறது, போராளிகள் ஒவ்வொருவராக அடுப்படிக்கு வருகிறார்கள்.

"தங்கச்சி, அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசணும், கொஞ்சம் திறயேன்."

"உங்கம்மா உங்க கூடத்தானே வந்து முன்னறையில உக்காந்திருக்காங்க?"

"அப்போ மாமியார்கிட்ட."

ஒரு வாரம் ஆர்டர் எடுக்காவிட்டால் கம்பெனி ஆளையே நீக்கிவிடுமாம். நீக்கினால் வாடகைக்கு எங்கே போவேன், குழந்தையை வைத்துக்கொண்டு எந்தத் தெருவில் நிற்பேன்? டிரம்மைத் திறந்தால் நான் துரோகி, திறக்காவிட்டால் சோறில்லை. இது கிடைத்ததும் பஸ் ஏறு. "அது பழைய காலத்துப் பாடம் மாப்பிள்ளை, அப்போ இந்தப் போனெல்லாம் ஏது" என்று சொல்லி இவர்களைக் கலைத்துவிடு. நீ மூட்டிய அடுப்பை நீயே அணைக்க வேண்டும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், பொருளாதாரம் மட்டும் படிக்க வேண்டாம்.

நடுக்கத்தோடு,
உன் தங்கை

பி.கு.: வராதே. உறையை ஒட்டும்போது இவர் போன் விடாமல் அடித்தது. எல்லாரும் உறங்கிவிட்டார்கள். குழந்தை விழித்துவிடுமே என்று டிரம்மைத் திறந்து எடுத்துவிட்டேன். கம்பெனியின் பகுதி மேலாளராம். "யார் பேசறது?" என்றார். "சங்கச் செயலாளர்" என்று வாயில் வந்துவிட்டது. அடுத்த வாரம் பேச வருகிறாராம், அதுவரை யாரையும் நீக்க மாட்டாராம். நீ நடத்துகிற அதே பாடத்தில் 'இந்தக் கோட்பாடு வளரும் நாட்டுக்குப் பொருந்துமா' என்ற கேள்வியைப் பரீட்சையில் சாய்ஸில் விட்டவள் நான். இந்தத் தடவை சாய்ஸ் இல்லை. மேலாளரிடம் நான்தான் பேசியாக வேண்டும், பதிலை உடனே எழுதி அனுப்பு. டிரம்மைத் திரும்பப் பூட்டிவிட்டேன், அரிசி எடுத்துக்கொண்டுதான்.