மாப்பிள்ளையின் ஜாஸ் மண்டபமும் பதினாறு ஜன்னல்களும்

கீரனூர்,
14-10-1957.

பினாங்கிலிருக்கும் மாப்பிள்ளை திருப்பதி அவர்களுக்கு, மாமனார் ஆத்மநாதன் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தை சொர்ணவல்லியும் மழையில் நனையாமல் சுகமே இருக்கிறோம். அங்கு நீங்களும் மகள் அழகம்மாளும் அவ்விதமே இருக்க வேண்டும்.

நிற்க. நீங்கள் ஊரோடு வந்துவிடப் போவதாகவும், நீங்கள் சாக்ஸபோன் ஊதுகிற ஜாஸ் சங்கீதத்துக்கென்றே திருச்சி ரோட்டோரம் உங்கள் நிலத்தில் ஒரு மண்டபம் கட்டி வைக்கும்படியும் எழுதி, வரைபடம் அனுப்பியிருந்தீர்கள். தாழ்ந்த கூரை, சுவரெல்லாம் பலகை, பலகைக்குப் பின்னால் சத்தத்தை உறிஞ்சத் தேங்காய் நார், ஜன்னல் கூடவே கூடாது என்று கண்டிருந்தது. முப்பது வருஷம் கட்டட வேலையில் ஓவர்சியராக இருந்தவனுக்குச் சிரிப்பு வந்தது. காற்றில்லாமல் மனுஷன் எப்படி உட்காருவான் என்று பதினாறு கண்ணாடி ஜன்னல் வைத்தேன், கூரையை இருபதடிக்கு ஏற்றினேன், பலகையைக் கரையான் அரிக்கும் என்று சிமெண்டு பூசி முகம் தெரியுற மாதிரி தேய்க்கச் சொன்னேன். போன ஞாயித்துக்கிழமை சோதிச்சுப் பார்ப்போம்னு பொன்மலை ரயில்வே காலனியிலேர்ந்து நாலு ஆங்கிலோ இந்தியப் பேண்டுக்காரங்களைக் கூட்டியாந்தேன். ஊரே வந்துச்சு, நல்ல மழை, பதினாறு ஜன்னலையும் சாத்திட்டோம், டிரம்பெட்டுக்காரர் ஒருக்கா ஊதினார், அது கூரைக்குப் போயி எதிர்ச்சுவத்துல மோதி மூணு தடவை திரும்பி வந்துச்சு, டிரம் அடிக்கிறவர் எந்தச் சத்தத்துக்கு அடிக்கிறதுன்னு தெரியாம எல்லாத்துக்கும் அடிச்சார், அந்த அடியும் திரும்பி வந்துச்சு, ஒரு கைக்குழந்தை பயந்து அலறினது இருபது குழந்தையாக் கேட்டுச்சு, சனம் இங்கிட்டும் அங்கிட்டும் முட்டிக்கிட்டு மழையிலேயே எறங்கிப் போயிருச்சு. டிரம்பெட்டுக்காரர் வாத்தியத்தைத் தொடைச்சு வச்சுட்டு மரியாதையாத்தான் சொன்னார்: "சார், நாங்க நாலு பேர்தான் வந்தோம். உள்ள நாப்பது பேர் வாசிக்கிறாங்க."

மாப்பிள்ளை, நெசத்தைச் சொல்லிர்றேன். ஜன்னல் காத்துக்காக வைக்கலை. ஊதுறதெல்லாம் ஒரு வேலையான்னு கல்யாணப் பந்தல்லயே ஒங்க முகத்துக்கு நேரா கேட்டவன் நான். நீங்க வாத்தியப் பொட்டியைத் தூக்கிக்கிட்டுக் கப்பல் ஏறுனீங்க, எம் மகளும் கூடவே ஏறுனா. ஆறு வருஷமாச்சு. எனக்கும் நாலு விஷயம் தெரியும்னு காட்டத்தான் ஒண்ணொண்ணா மாத்தினேன். எங்கிட்ட நீங்க கேட்டது இது ஒண்ணுதான், அதையும் கெடுத்துட்டேன். இடிச்சுட்டு நீங்க சொன்னபடி கட்ட ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் வர வேணாம். இந்த வரியை எழுதுறதுக்குள்ள ரெண்டு தடவை பேனாவைக் கீழ வச்சேன்.

என்னைப் போல இன்னொரு மாமனார் யாருக்கும் வாய்க்காம, நீங்க ரெண்டு பேரும் நீடூழி நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
ஆத்மநாதன்

பி.கு.: அனுப்ப மனசு வராம நாலு நாள் கவரை ஒட்டாமலே வச்சிருந்தேன். அதுக்குள்ள மழைக்குப் பயந்து ஒங்க அத்தை, என்னையக் கேக்காமலே நம்ம கடலை மூட்டை பூராவையும் மண்டபத்துல எறக்கி, ஜன்னலெல்லாம் மறையச் சுவரைச் சுத்தி அடுக்கிட்டா. ஆத்திரத்துல "சொர்ணம்"னு கத்தினேன். ஒரு தடவைதான் கேட்டுச்சு. ஒடனே பொன்மலைக்குச் சொல்லி அனுப்பினேன், நேத்து வந்து வாசிச்சாங்க. ஊதுறதுக்கு முந்தி டிரம்பெட்டுக்காரர் மூச்சு இழுத்ததுகூடக் கேட்டுச்சு மாப்பிள்ளை. நீங்க ஏன் இதை விடலைன்னு வெளங்குச்சு. மேல எழுதினதைக் கிழிச்சுப் போடுங்க. தையில கடலை வியாபாரி வந்து நிப்பான். மகளும் மாப்பிள்ளையும் வந்து எறங்காம ஒரு மூட்டை நகராதுன்னு ஒங்க அத்தை சொல்லிட்டா. அந்த ஆளு பொறுக்க மாட்டான், சீக்கிரம் கப்பல் ஏறுங்க.