ரெக்கார்டு வாங்கி வந்த இறப்புச் சான்றிதழ்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கூடத்தின் நட்டநடுவில் நின்று மனைவியிடம் ரெக்கார்டு சபதம் போட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள உங்கப்பாவோட இறப்புச் சான்றிதழ் இந்த மேஜை மேல இருக்கும். இல்லேன்னா நான் ரெக்கார்டே இல்ல!"

அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. முப்பத்தாறு வருஷம் ஒரு போக்குவரத்து அலுவலகத்தின் பழைய கோப்பு அறையில் குப்பை கொட்டியதால் தெருவே அவரை ரெக்கார்டு என்றுதான் கூப்பிடும். மனுஷனும் அதை ஒரு பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் சட்டைப் பையில் மூணு பேனா. அதில் சிவப்புப் பேனா மளிகைச் சீட்டில் பிழை திருத்துவதற்கு.

வீட்டுக் காகிதங்கள் அத்தனையும் ஒரு இரும்பு பீரோவுக்குள். சாவி அவர் இடுப்பில். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். எந்தக் காகிதம் வேண்டுமானாலும் காரணம் காட்டி எழுதிக் கொடுக்க வேண்டும், பெண்டாட்டியாகவே இருந்தாலும். அந்த அம்மாள் வீட்டு மாடியில் தையல் வகுப்பு நடத்துகிறவள். வகுப்புக்கு உரிமம் வாங்க, தன்னுடைய சொந்த டிப்ளமாவைக் கேட்டு மூணு தடவை எழுதிக் கொடுத்தாள். முதல் தடவை தேதி இல்லை என்று திருப்பினார். ரெண்டாம் தடவை கையெழுத்து இல்லை என்றார். மூணாம் தடவை எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் சாப்பாட்டு இடைவேளையாம். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

சபதத்துக்குக் காரணம், அவள் தம்பி போன் பண்ணியதுதான். அப்பாவின் பழைய வீட்டை அக்கா, தம்பி ரெண்டு பேர் பெயருக்கும் மாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை கையெழுத்து. அதற்கு இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்த அப்பாவின் சான்றிதழ் தேவை.

"பதிவு இருக்கான்னு முதல்ல பாக்கணுங்க" என்றாள் மனைவி, மெதுவாக.

"இருக்கான்னா? யாரைப் பாத்துக் கேக்கற? மாமனார் போன மூணாம் நாளே போய்ப் பதிஞ்சவன் நான். கையால எழுதி, கையால போட்டேன்!"

"சரி. நீங்க பதிஞ்சது அங்க இருந்துட்டா, இனிமே பீரோ சாவியைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்."

"இல்லேன்னா சாவி உனக்கு! இந்தா, தம்பி லைன்ல இருக்கான், அவனே சாட்சி."

"இருக்கேன் அத்தான்" என்றது போன்.

அவள் ஏன் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தாள் என்று ரெக்கார்டு அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிற நிலைமையில் அவர் இல்லை. மூணு பேனாவுக்கும் மை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இறந்தவரின் மகள் கேட்பதாக மனைவி பெயரில் விண்ணப்பத்தை எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மடிப்புக் கலையாத சட்டையில் கிளம்பினார்.

மாமனார் குடியிருந்த பகுதியின் நகராட்சி அலுவலகம். பிறப்பு இறப்புப் பிரிவு, நாலாம் ஜன்னல். குமாஸ்தா விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"எங்க இறந்தாரு?"

"இங்கதான் குடியிருந்தாரு. நாலாவது தெரு, மாடி வீடு."

"குடியிருந்ததைக் கேக்கல சார். உயிர் எங்க போச்சு?"

"ஆஸ்பத்திரியில. ஆத்துக்கு அந்தப் பக்கம்."

"அப்ப அந்தப் பக்கம் போங்க. எங்க இறந்தாரோ அங்கதான் பதிவு. குடியிருந்த இடத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்ல."

"எனக்குத் தெரியும். நீங்க சரியாச் சொல்றீங்களான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வந்தார் ரெக்கார்டு. சும்மா வருவாரா?

செவ்வாய்க்கிழமை ஆற்றுக்கு அந்தப் பக்கம். அங்கே அந்த வருஷப் புத்தகத்தையே எடுத்து வைத்துக் குமாஸ்தா விரல் வைத்துத் தேடினார். மாமனார் இறந்த மாதம், அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம். ஊரில் இறந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். மாமனாரை மட்டும் காணோம்.

"இங்க இல்ல சார். தாமதமாப் பதிஞ்சிருந்தா கோப்பு மாநிலத் தலைமைப் பதிவாளர் ஆபீசுக்குப் போயிருக்கும். அங்க கேளுங்க."

"தாமதமா? நானா? மூணாம் நாள் சார்!"

"அப்ப இருந்திருக்கணுமே" என்றார் குமாஸ்தா.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஊசியில் நூல் கோத்தபடி கேட்டாள்: "கிடைச்சுதாங்க?"

"கிடைச்ச மாதிரிதான்."

"மாதிரின்னா?"

"மேல்மட்டத்துல இருக்கு. பெரிய பெரிய பதிவையெல்லாம் மாநில அளவுலதான் வச்சிருப்பாங்க."

"ஓ" என்றாள். நூல் ஒரே தடவையில் உள்ளே போனது.

மாநில அலுவலகம் ரயிலில் மூணு மணி நேரம். புதன்கிழமை போனால் அதிகாரி விடுப்பு. வியாழக்கிழமை மறுபடி போனார். ரெண்டாம் மாடி, காற்றே வராத அறை, கூரை வரைக்கும் அலமாரி. ரெக்கார்டுக்குச் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி அம்மாள் விண்ணப்பத்தில் இறந்தவர் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அட, இந்தக் கேஸா!"

"தெரியுமா உங்களுக்கு?" ரெக்கார்டின் மார்பு விரிந்தது.

"தெரியுமாவா? புதுசா வேலைக்கு வர்ற எல்லாருக்கும் இதைத்தான் சார் பாடமா நடத்தறோம்!"

தன் பதிவின் நேர்த்தி மாநிலம் வரைக்கும் பேர் வாங்கிவிட்டது என்றே ரெக்கார்டு முடிவு கட்டிவிட்டார். அந்தப் பெருமை சரியாக ஒரு நிமிஷம் இருந்தது. அதற்குள் அதிகாரி கோப்பைக் கொண்டுவந்து பிரித்தார். தகவல் தந்தவர்: மகள். பதிந்த நாள்: இறந்து பதினாலு மாதம் கழித்து. தாமதத்துக்கான காரணம் தனித்தாளில், மணிமணியான கையெழுத்தில். அது யார் கையெழுத்து என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதிகாரி அம்மாள் ரசித்து வாசித்தார்.

"'பதியச் சென்ற என் கணவர், யாரிடமும் விசாரிக்காமல், படிவத்தைப் புகார்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிட்டார்.' இந்தாங்க, புகார்ப் பிரிவு போட்ட பதில் கார்டும் இணைச்சிருக்காங்க. 'தங்கள் புகார் கிடைத்தது. சம்பந்தப்பட்டவர் மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படும்.' இறந்த மாமனார் மேல நடவடிக்கை சார்!"

பக்கத்து மேஜையில் ரெண்டு பேர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ரெக்கார்டுக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. பச்சைப் பெட்டி. பூட்டு தொங்கும். அலுவலகம் என்றால் எனக்குத் தெரியாதா என்று நிமிர்ந்த தலையோடு போட்டுவிட்டு வந்தார்.

"கடைசி வரியைக் கேளுங்க" என்றார் அதிகாரி. "'என் கணவர் தம் வேலையில் மிகவும் கெட்டிக்காரர். இது தெரிந்தால் மனம் உடைந்துபோவார். ஆகவே அவருக்குத் தெரியாமல் நானே அலைந்து, தாமதமாகப் பதிவதற்கான இந்த உத்தரவைப் பெற்றிருக்கிறேன்.'"

இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே அவள்! அதைவிட, அந்தக் கோப்பைப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் எண். இணைப்பு ஒன்று, இணைப்பு ரெண்டு. ஓரத்தில் நூல் கொண்டு தைத்திருந்தாள், தையல்காரி அல்லவா. முப்பத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு கோப்பை அவர் போட்டதில்லை. என் பெண்டாட்டி போட்ட கோப்பு என்று அந்த அறையில் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் புகார்ப் பெட்டியில் போட்டது யார் என்பதும் தெரிந்துவிடும்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்றார் அதிகாரி.

"பக்கத்து வீடு."

"அந்தக் கணவர் வரலையா? ஒருநாளாவது அவரைப் பாக்கணும்னு எங்களுக்கெல்லாம் ஆசை."

"அவரு... அவரு காலமாயிட்டாருங்க."

"ஐயையோ! எப்போ?"

"இப்பத்தான்" என்றார் ரெக்கார்டு. கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

அதிகாரி அம்மாள் உச்சுக்கொட்டி, சான்றிதழை உடனே அச்சடித்து முத்திரை குத்திக் கொடுத்தார். தகவல் தந்தவர் பெயர் சான்றிதழில் வராது என்று தெரிந்ததும் ரெக்கார்டுக்குப் போன உயிர் திரும்பியது. பதிந்த தேதி மட்டும் மடிப்புக்குள் போகிற மாதிரி மடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தம்பி வந்தான். சான்றிதழ் மேஜை மேல் இருந்தது. மனைவி தன் அப்பாவின் பெயர் மேல் ஒரு தடவை விரலை ஓட்டிவிட்டு, மடிப்பைப் பிரிக்காமலே தம்பியிடம் கொடுத்தாள். பத்திரத்தில் கையெழுத்தும் ஆனது.

"அத்தான் இல்லேன்னா எங்களுக்கு ஏது கதி?" என்றான் தம்பி.

"ஆமா, காகித விஷயத்துல அவரை அடிச்சுக்க ஆளே கிடையாது" என்றாள் அக்கா. குரலில் கேலி துளியும் இல்லை. ரெக்கார்டு மீசையைத் தடவிக்கொண்டார். இடுப்பையும் தடவிக்கொண்டார். சாவி பத்திரமாக இருந்தது.

தம்பியை வழியனுப்பிவிட்டு வந்தவள் நேராக அவர் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"சாவி."

"எதுக்கு? ஜெயிச்சது நான்! சான்றிதழ் வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு. காலையில நீங்க குளிக்கும்போது ஒரு போனும் வந்துச்சு. விண்ணப்பத்துல வீட்டு நம்பர் போட்டிருந்தீங்க இல்ல? அந்த அதிகாரியம்மாதான். கால்மணி நேரம் எனக்கு ஆறுதல் சொன்னாங்க."

"ஆறுதலா?"

"என் வீட்டுக்காரர் தவறிட்டாராமே. பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் கண்ணீரோட சொன்னாராம்."

ரெக்கார்டு இடுப்புச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நீ... நீ மறுத்துச் சொன்னியா?"

"எப்படிங்க மறுக்கிறது? நீங்களே நேர்ல போய் அரசாங்க ஆபீசுல குடுத்த தகவல். பொய்யின்னு சொன்னா உங்க பேரு என்னத்துக்கு ஆகும்? ஆமாங்க, தங்கமான மனுஷன், ரொம்பக் கெட்டிக்காரர்னு சொல்லிட்டு வச்சுட்டேன்."

"அதெல்லாம் இருக்கட்டும், சாவி எதுக்கு உனக்கு?"

"இறந்து போனவருக்கு பீரோ சாவி எதுக்குங்க?"